உணர்ச்சியை எண்ணால் அறிதல்

நுழையும்முன்

உள்ளத்து உணர்ச்சியைக் கண்ணால் காண இயலாது. கோல் கொண்டு அளக்கவும் இயலாது. எனினும் அது மனிதரின் பேச்சையும் செயலையும் முடிவுகளையும் மாற்றிவிடும் ஆற்றல் உடையது. காண இயலாத உணர்ச்சியை, காணக்கூடிய அடையாளங்களின் வழியே தேடிச் செல்லும் கணித முறை ஒன்று 20ஆம் நூற்றாண்டில் வளர்ந்தது. அதுவே காரணிப் பகுப்பாய்வு. மாணவர் பலரும் அறிந்த தேர்வு அச்சம் என்னும் உணர்ச்சியைச் சான்றாகக் கொண்டு இப்பாடம் அம்முறையை விளக்குகிறது.

புறத்தில் தோன்றும் அகம்

அகத்தில் எழும் உணர்ச்சி உடலில் வெளிப்படுவதைத் தமிழ் இலக்கண மரபு 'மெய்ப்பாடு' என வழங்குகிறது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் இதற்கெனத் தனி இயலே உண்டு. அச்சம், அழுகை, வெகுளி, உவகை, நகை, இளிவரல், மருட்கை, பெருமிதம் என மெய்ப்பாடுகள் எட்டு, ஒவ்வொன்றும் தோன்றும் நிலைக்களன்கள் நான்கு, ஆக முப்பத்திரண்டு. பிறர் உள்ளத்தை நேரே அறிய இயலாதபோது, அவர்தம் மெய்யில் தோன்றும் குறிகளைக் கொண்டே அறிதல் வேண்டும் என்பது இப்பகுப்பின் அடிப்படை.

இன்றைய உளவியலும் இதே இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. வியர்க்கும் உள்ளங்கை, தடுமாறும் சொல், தூங்காத இரவு ஆகியவை புறக்குறிகள். அவற்றின் பின்னே நிற்கும் உணர்ச்சி ஒன்றா, பலவா? பலவெனில் அவற்றுள் எது செயலைக் கெடுக்கிறது? தொல்காப்பியம் இலக்கிய வழக்கையும் நுண்ணிய நோக்கையும் கொண்டு உணர்ச்சிகளை வகுத்தது. காரணிப் பகுப்பாய்வோ பலரிடம் திரட்டிய விடைகளின் எண்களைக் கொண்டு வகுக்கிறது. இரண்டின் வழிகளும் வேறு. புறத்திலிருந்து அகத்தை உய்த்துணர்தல் என்னும் தொடக்கம் மட்டும் பொது.

கிணறுகளும் ஊற்றும்

ஓர் ஊரில் ஆறு கிணறுகள் உள்ளன எனக் கொள்வோம். ஓராண்டு முழுவதும் அவற்றின் நீர்மட்டத்தை நாள்தோறும் ஒருவர் குறித்து வருகிறார். ஆண்டின் இறுதியில் குறிப்பேட்டைப் பார்க்கும்போது ஒன்று புலனாகிறது. முதல் மூன்று கிணறுகளில் ஒன்று ஏறினால் மற்ற இரண்டும் ஏறுகின்றன. ஒன்று இறங்கினால் மற்றவையும் இறங்குகின்றன. எஞ்சிய மூன்றும் அவ்வாறே தமக்குள் சேர்ந்து ஏறி இறங்குகின்றன. ஆனால், முதல் குழுவின் ஏற்றத்துக்கும் இரண்டாம் குழுவின் ஏற்றத்துக்கும் தொடர்பு குறைவு. நிலத்தைத் தோண்டிப் பார்க்காமலே அவர் ஒரு முடிவுக்கு வரலாம்: ஆறு கிணறுகளுக்கும் நீர் தருவன ஆறு ஊற்றுகள் அல்ல, இரண்டு ஊற்றுகளே.

காரணிப் பகுப்பாய்வின் உட்கருத்து இதுவே. கிணறுகளின் இடத்தில் வினாக்களுக்கு மக்கள் அளிக்கும் விடைகள் இருக்கின்றன. சேர்ந்து ஏறி இறங்கும் விடைகளுக்கு அடியில் பொதுவான ஊற்று ஒன்று இருக்கக்கூடும் எனக் கொண்டு, அதற்குக் 'காரணி' எனப் பெயரிடுகின்றனர். இரண்டு அளவுகள் எந்த அளவுக்குச் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதைக் காட்டும் எண் ஒட்டுறவுக் கெழு எனப்படும். அது −1 முதல் +1 வரை அமையும். தொடர்பு இல்லையெனில் 0. முற்றும் சேர்ந்து ஏறினால் +1. ஒன்று ஏற மற்றொன்று அதே ஒழுங்கில் இறங்கினால் −1.

மதிப்பெண்ணிலிருந்து உணர்ச்சிக்கு

இம்முறையைத் தோற்றுவித்தவர் ஆங்கிலேய உளவியலாளர் சார்லஸ் ஸ்பியர்மேன். படைத்துறையில் பணியாற்றி, பின்னர் அதைவிட்டு ஜெர்மனி சென்று உளவியல் பயின்றவர் அவர். 1904இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் பள்ளி மாணவரின் பாட மதிப்பெண்களை ஒப்பிட்டு, ஒரு பாடத்தில் சிறந்தவர் பிற பாடங்களிலும் சிறந்து விளங்கும் போக்கைக் காட்டினார். இதற்கு அடியில் 'பொது நுண்ணறிவு' என்னும் காரணி இருப்பதாகக் கருதினார்.

1915இல் சிரில் பர்ட் இதே கருவியை உணர்ச்சிகளின் பக்கம் திருப்பினார். சினம், அச்சம், வியப்பு போன்ற அடிப்படை உணர்ச்சிகளில் ஒன்றால் எளிதில் ஆட்படுவோர் பிறவற்றாலும் ஆட்படுகின்றனர் என்றும், அதற்கு உணர்ச்சிவயப்படும் பொதுத்தன்மை ஒன்று அடிப்படையாகலாம் என்றும் அவர் கூறினார். அமெரிக்கரான லூயிஸ் தர்ஸ்டன், ஒரே பொதுக் காரணியைத் தேடுவதற்கு மாறாகப் பல காரணிகளை ஒருங்கே கண்டறியும் வழிகளை 1930களில் வகுத்தார். அதன்பின் ஆளுமை, மனநிலை, அச்சம், கவலை முதலிய பலவற்றை ஆராயும் பொதுக் கருவியாக இம்முறை வளர்ந்தது.

தேர்வு அச்சம்: ஒன்றா, இரண்டா?

தேர்வு நெருங்கும்போது தோன்றும் கலக்கத்தை முறையாக ஆராயத் தொடங்கியவர்களுள் ஜார்ஜ் மாண்ட்லரும் சீமோர் சாராசனும் குறிப்பிடத்தக்கவர்கள். இவர்கள் 1952இல் தேர்வு அச்சத்தை அளக்கும் வினாநிரல் ஒன்றை வெளியிட்டனர். அக்காலத்தில் தேர்வு அச்சம் ஒரே உணர்ச்சியாகவே கருதப்பட்டது. ஒருவருக்கு அது மிகுதி, மற்றொருவருக்குக் குறைவு என்பதே அளவு.

1967இல் ராபர்ட் லீபர்ட்டும் லாரி மாரிசும் அதனை இரண்டாகப் பிரித்துக் காணவேண்டும் என்றனர். ஒன்று உணர்வெழுச்சி: நெஞ்சு படபடத்தல், கை நடுங்குதல், வயிறு கலங்குதல் போன்ற உடல்வழிக் கிளர்ச்சி. மற்றொன்று கவலை: 'தோற்றுவிட்டால் என்னாகும்?', 'என்னால் முடியாது', 'பிறர் என்னை எப்படி மதிப்பர்?' என ஓடிக்கொண்டே இருக்கும் எண்ணம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும்; இரண்டையும் ஒருவரே ஒரே நேரத்தில் உணர்வதும் உண்டு. பிரித்துக் காண்பது சரியா என்பதை எவ்வாறு அறிவது?

இங்கேதான் காரணிப் பகுப்பாய்வு துணைநின்றது. 1980இல் சார்லஸ் ஸ்பீல்பெர்கர் வெளியிட்ட தேர்வுப் பதற்ற அளவையில் 20 கூற்றுகள் உள்ளன. ஒவ்வொன்றும் தமக்கு எவ்வளவு அடிக்கடி நேர்கிறது என்பதை மாணவர் நான்கு படிகளில் குறிக்கவேண்டும். விடைகளைப் பகுத்து ஆராய்ந்ததில் கூற்றுகள் இரு கொத்துகளாகத் திரண்டன. 8 கூற்றுகள் கவலையையும் 8 கூற்றுகள் உணர்வெழுச்சியையும் அளக்கும் உட்பிரிவுகளாக அமைந்தன.

கணக்கு செயற்படும் வகை

கூற்றுகள் கொத்துகளாகத் திரளும் விதத்தைச் சிறிய எடுத்துக்காட்டால் அறியலாம். கீழ்வரும் எண்கள் விளக்கத்துக்காக அமைக்கப்பட்டவை. எந்த ஆய்விலிருந்தும் எடுக்கப்பட்டவை அல்ல.

மாணவரிடம் ஆறு கூற்றுகள் தரப்படுகின்றன:

1. தேர்வறையில் என் நெஞ்சு படபடக்கிறது.
2. வினாத்தாளை வாங்கும்போது என் கை நடுங்குகிறது.
3. தேர்வுக்குமுன் என் வயிறு கலங்குகிறது.
4. எழுதும்போதே தோல்வியைப் பற்றிய எண்ணம் வருகிறது.
5. மற்றவர்கள் என்னைவிட நன்றாக எழுதுவதாக நினைக்கிறேன்.
6. என் திறமையில் எனக்கு ஐயம் எழுகிறது.

விடைகளுக்கு இடையேயான ஒட்டுறவுக் கெழுக்கள்:

1, 2 ஆகியவற்றுக்கு இடையே 0.56
1, 3 ஆகியவற்றுக்கு இடையே 0.48
2, 3 ஆகியவற்றுக்கு இடையே 0.42
4, 5 ஆகியவற்றுக்கு இடையே 0.72
4, 6 ஆகியவற்றுக்கு இடையே 0.45
5, 6 ஆகியவற்றுக்கு இடையே 0.40

முதல் மூன்றில் ஒன்றையும் பின் மூன்றில் ஒன்றையும் இணைத்துப் பார்த்தால் எந்தக் கெழுவும் 0.36ஐத் தாண்டவில்லை எனக் கொள்வோம். கிணறுகளைப் போலவே கூற்றுகளும் இரு கொத்துகளாகப் பிரிவதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

அடுத்த வினா: ஒவ்வொரு கூற்றும் தன் காரணியோடு எவ்வளவு நெருக்கமாகப் பிணைந்துள்ளது? இப்பிணைப்பின் அளவே காரணிச் சுமை. இரண்டு கூற்றுகள் ஒரே காரணியால் மட்டும் தொடர்புற்றிருப்பின், அவற்றின் ஒட்டுறவு இரண்டின் சுமைகளையும் பெருக்கிவரும் தொகைக்குச் சமம். இதைக் கொண்டு முதல் கூற்றின் சுமையைக் காணலாம். 0.56ஐ 0.48ஆல் பெருக்கி 0.42ஆல் வகுத்தால் 0.64 வரும்; அதன் வர்க்கமூலம் 0.8. எனவே முதல் கூற்றின் சுமை 0.8. இரண்டாவதன் சுமை 0.56 ÷ 0.8 = 0.7. மூன்றாவதன் சுமை 0.48 ÷ 0.8 = 0.6. சரிபார்க்க 0.7ஐ 0.6ஆல் பெருக்கினால் 0.42 கிடைக்கிறது.

இவ்வெண்கள் கூறுவன யாவை? மூன்று கூற்றுகளுள் உடல்வழிக் கிளர்ச்சியை மிகத் தெளிவாகக் காட்டுவது நெஞ்சின் படபடப்பு. அதன் சுமையின் வர்க்கம் 0.64. அதாவது, அக்கூற்றுக்கு மாணவர் அளித்த விடைகளில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் 64 விழுக்காட்டை அக்காரணி விளக்குகிறது. வயிற்றுக் கலக்கத்தின் சுமை வர்க்கம் 0.36 மட்டுமே. எஞ்சிய 64 விழுக்காட்டுக்கு உணவு, உறக்கம், உடல்நலம், வினாவைப் புரிந்துகொண்ட விதம் எனப் பிற காரணங்கள் இருக்கலாம். கூற்றுகள் இருபதாகவும் விடையளிப்போர் நூற்றுக்கணக்காகவும் பெருகும்போது இக்கணக்கைக் கையால் செய்வது அரிது. கணினி நொடிப்பொழுதில் முடித்துத் தருகிறது.

தெரிந்து தெளிவோம்

காரணிகள் எத்தனை என்னும் வினாவுக்கு ஒரே விடை கிடைப்பதில்லை. ரேமண்ட் கேட்டல் 1949இல் வெளியிட்ட ஆளுமை வினாநிரல் 16 காரணிகளை அளந்தது. அதே காலத்தில் வாழ்ந்த ஹான்ஸ் ஐசென்க், போரினால் உளநலம் குன்றிய ஏறத்தாழ 700 வீரர்களைப் பற்றிய குறிப்புகளைப் பகுத்து, உணர்ச்சி நிலையின்மை, அகமுகம்–புறமுகம் என்னும் இரண்டு பெருங்காரணிகளை முன்வைத்தார். பிற்காலத்தில் ஐந்து காரணிகளைக் கொண்ட அமைப்பே பரவலாக ஏற்கப்பட்டது.

தடையாவது எது?

தேர்வு அச்சத்தை இரண்டாகப் பிரித்ததன் பயன் அடுத்த கட்டத்தில் வெளிப்பட்டது. மதிப்பெண்ணோடு எது மிகுதியாகத் தொடர்புறுகிறது எனப் பல ஆய்வுகள் தேடின. ரே ஹெம்ப்ரீ 1988இல் 562 ஆய்வுகளின் முடிவுகளை ஒருங்கு தொகுத்து ஆராய்ந்தார். அதில் தேர்வு அச்சம் மிகுந்தால் மதிப்பெண் குறையும் போக்கு காணப்பட்டது; அதிலும் உணர்வெழுச்சியைவிடக் கவலையே மதிப்பெண் குறைவோடு வலுவாகத் தொடர்புற்றிருந்தது.

பொதுவழக்கில் நிலவும் எண்ணம் இதற்கு மாறானது. கை நடுங்குவதையும் நெஞ்சு அடித்துக்கொள்வதையுமே மாணவர் பெரிதும் அஞ்சுகின்றனர். 'இப்படி நடுங்குகிறதே, எப்படி எழுதப்போகிறேன்?' என்னும் எண்ணம் எழுந்தவுடன் உடலின் கிளர்ச்சி கவலையாக மாறிவிடுகிறது. உண்மையில் முக்கியமான செயல் ஒன்றின் தொடக்கத்தில் இதயத்துடிப்பு கூடுவது உடலின் இயல்பு. பந்தயக் கோட்டில் நிற்கும் ஓட்டக்காரருக்கும் மேடையேறப்போகும் பாடகருக்கும் அது நேர்கிறது. பெரும்பாலும் செயல் தொடங்கியபின் தானே தணிந்தும் விடுகிறது.

கவலை வேறுவகையில் தாக்குகிறது. கணக்கு ஒன்றின் இடைப்படிகளையோ கட்டுரை ஒன்றின் அடுத்த தொடரையோ மனத்தில் ஏந்தி நிற்பது செயல்நினைவு. அதன் கொள்ளளவு மிகச் சிறிது. கவலை எண்ணங்கள் அதில் இடம்பிடித்துக்கொள்வதால் செய்துகொண்டிருக்கும் பணிக்கு எஞ்சும் இடம் சுருங்குகிறது என மைக்கேல் ஐசென்க்கும் மானுவல் கால்வோவும் 1992இல் விளக்கினர். ஒரே முடிவை எட்டக் கவலையுற்றவர் மிகுதியாக முயலவேண்டியிருக்கிறது. படித்தது மறந்துவிட்டதாகத் தேர்வறையில் தோன்றி, வெளியே வந்ததும் நினைவுக்கு வருவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. அங்கே அறிவு தொலைந்துவிடவில்லை. அதை எடுத்துப் பயன்படுத்தும் இடம் நிரம்பியிருந்தது.

துணைசெய்யும் வழியும் இப்பிரிவினால் தெளிவடைகிறது. மூச்சைச் சீராக்குதல், தசைகளைத் தளர்த்துதல் போன்ற பயிற்சிகள் உடலின் கிளர்ச்சியைத் தணிக்கும். கவலைக்கு அதன் எண்ணங்களையே எதிர்கொள்ளும் பயிற்சி வேண்டும். 'நான் தோற்றுவிடுவேன்' என்பதை உண்மையாகக் கொள்ளாமல், அஃது ஓர் எண்ணம் மட்டுமே என அடையாளம் கண்டு, கண்முன் உள்ள வினாவுக்குக் கவனத்தைத் திருப்புதல் அத்தகையது. தேர்வு அச்சம் மிக்கவருக்குப் படிக்கும் உத்திகளை மட்டும் கற்பித்தல் போதாது. பதற்றத்தைக் குறைக்கும் பயிற்சியும் உடன் வேண்டும் என்பதும் ஹெம்ப்ரீயின் தொகுப்பு தரும் செய்தி. வினாத்தாளைப் படிப்பதற்கென ஒதுக்கப்படும் 10 மணித்துளிகளை, நன்கு தெரிந்த வினா எது எனத் தேடுவதற்குப் பயன்படுத்தும் மாணவர் கவலைக்கு இடம் தராமல் பணிக்கு இடம் தருகிறார்.

பெயரும் பொருளும்

காரணிப் பகுப்பாய்வுக்கு எல்லைகள் உண்டு. அவற்றை அறியாமல் பயன்படுத்துவது தீங்கு பயக்கும்.

முதலாவது, கேட்கப்படாத வினா காரணியாக வெளிப்படுவதில்லை. வீட்டின் வறுமை, பெற்றோரின் எதிர்பார்ப்பு ஆகியவற்றைப் பற்றி ஒரு வினாநிரல் கேட்கவில்லையெனில், அவை மாணவரின் அச்சத்துக்கு எவ்வளவு காரணமாயினும் கணக்கில் தோன்றா. அகழாத கிணற்றின் நீர்மட்டத்தை எவரும் குறிக்க இயலாது.

இரண்டாவது, சேர்ந்து நிகழ்வதெல்லாம் காரண காரியம் ஆகாது. கவலையால் மதிப்பெண் குறையலாம். முன்பு பெற்ற குறைந்த மதிப்பெண்ணால் கவலை பிறந்திருக்கவும் கூடும். 'காரணி' என்னும் சொல்லில் காரணம் ஒலித்தாலும், கணக்கு காட்டுவது சேர்ந்து நிகழும் ஒழுங்கை மட்டுமே. எது முன், எது பின் என அறிய வேறு ஆய்வுகள் வேண்டும்.

மூன்றாவது, ஒரு மொழியினரிடம் கிடைத்த காரணிகள் பிற மொழியினரிடமும் அவ்வாறே அமையும் எனக் கொள்ளலாகாது. 'பயம்', 'பதற்றம்', 'கவலை', 'கலக்கம்' ஆகிய சொற்களின் பொருள் எல்லை மொழிக்கு மொழி வேறுபடும். ஆகவே, மொழிபெயர்க்கப்பட்ட வினாநிரலை அம்மொழி பேசுவோரிடம் மீண்டும் ஆய்ந்து பார்த்தல் இன்றியமையாதது.

நான்காவது எல்லை மனித வாழ்வை நேரே தொடுவது. காரணி என்பது பலருடைய விடைகளில் காணும் ஒழுங்குக்கு ஆய்வாளர் இட்ட பெயர். அதனை ஒருவருக்குள் மாறாமல் உறையும் பொருளாகக் கருதினால் விளைவு கொடிது. இங்கிலாந்தில் இவ்வாறு நேர்ந்தது. பொது நுண்ணறிவு பிறவியிலேயே அமைந்தது. அதை இளமையிலேயே அளந்துவிடலாம் என்னும் கருத்தைச் சிரில் பர்ட் முதலியோர் வலியுறுத்தினர். 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப்பின் குழந்தைகளை ஏறத்தாழ 11 வயதில் தேர்வு வைத்து வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரித்தனுப்பிய முறைக்கு இக்கருத்து வலுச்சேர்த்தது. ஓரிரு நாள் எழுதிய விடைகளால் பல சிறுவர்க்கு உயர்கல்வியின் வாயில் ஏறக்குறைய அடைபட்டது. கணக்கில் பிழையில்லை எனினும், பெயரைப் பொருளாக மயங்கியதால் விளைந்த பிழை அது. 1960களிலும் 1970களிலும் அந்நாட்டின் பெரும்பகுதி அம்முறையைக் கைவிட்டது.

தேர்வு அச்சத்துக்கும் இது பொருந்தும். ஒரு வினாநிரலில் ஒரு மாணவி கவலைப் பிரிவில் மிகுந்த எண் பெற்றால், 'கவலைப்படும் இயல்பினள்' என முத்திரை குத்துவதற்கு அது சான்றாகாது. அந்நாளில், அவ்வினாக்களுக்கு, அவ்வாறு விடையளித்தார் என்பதே அதன் பொருள். பயிற்சியால் அவ்வெண் குறையும் என்பதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. எந்தக் கூறு அவரைத் தடுக்கிறது என அறிந்து துணைநிற்பதற்கே அளவை பயன்படவேண்டும், ஒதுக்கிவைப்பதற்கு அன்று. அளப்பவரும் அளக்கப்படுபவரும் இதை அறிந்திருக்கும்போது, உணர்ச்சியை எண்ணால் அறியும் முயற்சி மனிதருக்கு உதவும் அறிவாகிறது.

கற்பவை கற்றபின்

1. எடுத்துக்காட்டில் உள்ள 4, 5, 6 ஆகிய கூற்றுகளின் காரணிச் சுமைகளைக் கண்டறிந்து, கவலையை மிகத் தெளிவாகக் காட்டும் கூற்று எது என வகுப்பில் விளக்குக.
2. பயம், பதற்றம், கவலை, கலக்கம் ஆகிய சொற்கள் உங்கள் பகுதிப் பேச்சுவழக்கில் எவ்வெச் சூழல்களில் வழங்குகின்றன எனத் திரட்டி, அவற்றின் பொருள் வேறுபாட்டை அட்டவணைப்படுத்துக.

மதிப்பீடு

குறுவினா

1. மெய்ப்பாடு என்பது யாது?
2. ஒட்டுறவுக் கெழு எதனைக் காட்டுகிறது?
3. செயல்நினைவு – குறிப்பு வரைக.

சிறுவினா

1. கிணறுகளின் நீர்மட்டத்தைக் கொண்டு காரணிப் பகுப்பாய்வின் அடிப்படையை விளக்குக.
2. உணர்வெழுச்சி, கவலை – வேறுபடுத்துக.

நெடுவினா

'காரணி என்பது ஒழுங்குக்கு இட்ட பெயரேயன்றி மனிதருக்குள் மாறாது உறையும் பொருள் அன்று' – பாடப்பகுதிச் சான்றுகளுடன் நிறுவுக.